சிலுவை: யார், யாருக்குக் கொடுத்த விலை?

கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் அதை இப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். மனிதர்கள் பாவம் செய்தார்கள், கடவுளுக்குக் கோபம் வந்தது, யாராவது சாக வேண்டும் என்றார், ஒரு பாவமும் அறியாத இயேசு குறுக்கே வந்து அடியை வாங்கிக்கொண்டார், கடவுளின் கோபம் ஆறியது. வெளியில் இருப்பவர்களை விடுங்கள், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களிலும் நிறையப் பேர் மனதில் இந்தச் சித்திரம்தான் பதிந்திருக்கிறது. இதைக் கேட்பவருக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். ஒருவன் செய்த தப்புக்கு இன்னொருவனை அடிப்பது என்ன நியாயம்? ரத்தத்தைப் பார்த்தால்தான் மனம் இறங்கும் என்றால் அதற்கு அன்பு என்று எப்படிப் பெயர் வைப்பது?

இரண்டும் நியாயமான கேள்விகள். அந்தச் சித்திரம்தான் சரி என்றால் இவற்றுக்குப் பதிலே கிடையாது. ஆனால் சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது வேறு. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எதை நம்பச் சொல்கிறார்கள் என்பதாவது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அது எப்படிப்பட்ட மரணம்

இன்று சிலுவை கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது, கோபுர உச்சியில் விளக்கோடு நிற்கிறது. அதனால் அது என்ன பொருள் என்பதே நமக்கு மறந்துவிட்டது. ரோமப் பேரரசில் அது கொலைக் கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்றே ஒதுக்கி வைத்திருந்த தண்டனை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைக் கிளர்ச்சியை கி.மு. 71-இல் அடக்கியபோது, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலையோரத்தில் வரிசையாகச் சிலுவையில் ஏற்றினார்கள். உயிரை எடுப்பது மட்டும் அதன் நோக்கமாக இருக்கவில்லை. இவன் ஒரு மனிதனே இல்லை என்று ஊரறியக் காட்டுவதுதான் நோக்கம். நிர்வாணமாக, வழிப்போக்கர்கள் கேலி பேச, மூச்சுக்குத் திணறித் திணறிச் சாக வேண்டும். சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் காதில் விழக்கூடாது என்று சொன்னார் ரோமப் பேச்சாளர் சிசரோ.

1968-இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, எலும்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு கற்பெட்டி கிடைத்தது. இறந்தவர் பெயர் யெஹோகனான் என்று அதில் கீறியிருந்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பின் குறுக்கே ஒரு இரும்பு ஆணி இன்னும் இருந்தது. ஆணியின் முனை வளைந்திருந்தது. பிடுங்க முடியாமல் அப்படியே எடுத்துப் புதைத்திருக்க வேண்டும். இயேசு வாழ்ந்த அதே நூற்றாண்டு, அதே ஊர். யூதேயாவை கி.பி. 26 முதல் 36 வரை ஆண்ட ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து இயேசுவுக்கு விதித்தது இந்தத் தண்டனையைத்தான்.

இப்படிச் செத்த ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுவது அன்றைய உலகத்துக்கு எவ்வளவு கேவலமாகப் பட்டது என்பதற்கு ரோமிலேயே சாட்சி இருக்கிறது. அந்நகரின் பாலட்டைன் குன்றில் 1857-இல் கண்டெடுத்த ஒரு சுவர்க் கிறுக்கலில், கழுதைத் தலையுள்ள ஒரு உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். "அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்க மொழியில் கீறியிருக்கிறார்கள். கூட இருந்தவனை யாரோ கேலி செய்து எழுதியது. கிறிஸ்தவர்கள் சிலுவையைத் தங்களுக்கு வசதியான அடையாளம் என்று தேர்ந்தெடுக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். அவர்களுக்கு அது முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்துக்குள் கடவுளின் அன்பைக் கண்டதாக அவர்கள் சொன்னார்கள். எப்படிக் கண்டார்கள் என்பதுதான் கேள்வி.

மன்னிப்புக்கு யார் செலவு செய்கிறார்கள்

இதைப் புரிந்துகொள்ள ஒரு கடன் கதை போதும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஐம்பதாயிரம் கேட்கிறார். கையில் இல்லை. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கிறீர்கள். வருஷம் ஒன்று போகிறது. அவருக்கு வேலை போய்விட்டது. திருப்பித் தர இனி வழியே இல்லை என்று தெரிகிறது. ஒரு நாள் நீங்களே அவர் வீட்டுக்குப் போய், "அந்தப் பணத்தை மறந்துடுங்க, நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

அந்த ஐம்பதாயிரம் எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிடவில்லை. அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மாதாமாதம் அதைக் கட்டப்போவது நீங்கள். அசலை அடைத்து நகையைத் திருப்பப்போவதும் நீங்கள். மன்னித்தீர்கள் என்றால், அவர் தோளில் இருந்த பாரத்தை உங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டீர்கள் என்று பொருள். பணத்தில் மட்டும் இப்படி இல்லை. துரோகம் செய்த நண்பனை நிஜமாகவே மன்னித்துப் பார்த்தவருக்குத் தெரியும், பழிவாங்கினால் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் வலியை இவர் உள்ளேயே வைத்துச் செரிக்க வேண்டியிருக்கும். செலவில்லாத மன்னிப்பு கிடையாது. அந்தச் செலவு எப்போதும் மன்னிக்கிறவர் கணக்கில்தான் எழுதப்படும்.

இதில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். நீங்கள் விட்டுக்கொடுப்பதற்குப் பதில், மூன்றாவது ஆள் ஒருவர் வந்து அந்த ஐம்பதாயிரத்தை உங்கள் கையில் எண்ணி வைத்தார் என்று கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரரின் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் நீங்கள் மன்னித்தீர்களா? இல்லை. உங்கள் பணம் உங்களுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் சொன்ன சித்திரத்தில் கோளாறு இருப்பது இந்த இடத்தில்தான். இயேசுவை மூன்றாவது ஆளாக, கடவுளுக்கும் மனிதனுக்கும் வெளியில் நிற்கும் ஒருவராக வைத்துவிட்டால், கடவுள் யாரையும் மன்னிக்கவே இல்லை என்றாகிவிடும். அவருக்கு வர வேண்டியது வந்துவிட்டது, கணக்கை முடித்துக்கொண்டார், அவ்வளவே. கிறிஸ்தவ நம்பிக்கையில் இயேசு மூன்றாவது ஆள் இல்லை. கடன் கொடுத்தவரே வந்து தன் மேல் ஏற்றிக்கொண்டார் என்பதுதான் அதன் மையம்.

சிலுவையில் தொங்குவது யார்

இதற்கு இரண்டு அடிப்படை நம்பிக்கைகள் தெரிந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் சிலுவையை விளக்கினால் எங்கேயாவது போய்க் கோணலாகும்.

ஒன்று திரித்துவம். கடவுள் ஒருவரே, அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராக இருக்கிறார் என்ற நம்பிக்கை. இது எப்படி என்று விளக்கப் புறப்பட்டால் இந்தக் கட்டுரை போதாது. நமக்குத் தேவையானது இதில் ஒன்றுதான்: தந்தையும் மகனும் இரண்டு கடவுள்கள் இல்லை, அவர்களுக்குள் இரண்டு விருப்பங்கள் மோதுவதும் இல்லை. கோபக்காரத் தந்தையை இளகிய மனமுள்ள மகன் சமாதானம் செய்தார் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

இன்னொன்று மனுவுருவாதல். அந்த மகன் மரியாளிடம் உண்மையான மனிதனாகப் பிறந்தார், கடவுளாக இருப்பதை விட்டுவிடாமலே மனிதனானார் என்ற நம்பிக்கை. பசித்தது, களைத்துப் படகில் தூங்கினார், நண்பன் லாசருவின் கல்லறை முன் அழுதார். கடவுள் மனித வேடம் போட்டு வந்தார் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 451-இல் கல்சதோனில் கூடிய திருச்சங்கம், இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று வரையறுத்தது. பாதி இது, பாதி அது என்ற கணக்கு இல்லை.

இப்போது சிலுவையைப் பாருங்கள். தண்டிக்க உரிமை உள்ள நீதிபதியே கூண்டில் நிற்கிறார். யாருக்கு எதிராகக் குற்றம் நடந்ததோ அவரே அதன் விளைவைச் சுமக்கிறார். இயேசுவின் தூதராகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, கடவுள் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார். ஒப்புரவு என்றால் முறிந்த உறவைத் திரும்பச் சேர்ப்பது. அந்த வாக்கியத்தில் யார் யாரைச் சேர்க்கிறார் என்று பாருங்கள். கடவுள் விலகிப் போய் உட்கார்ந்திருந்தார், அவரை யாரோ சமாதானப்படுத்தினார்கள் என்று அவர் எழுதவில்லை. முதல் அடி எடுத்து வைத்ததே கடவுள்தான்.

"பெற்ற பிள்ளையைப் பலி கொடுப்பவர் எப்படி அன்பான தந்தை?" என்று சிலர் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கும் கேள்வி இல்லை இது. ஏதோ ஒரு சிறுவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் மேடையில் கிடத்தியது போல நினைத்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் சுவிசேஷங்கள் காட்டும் இயேசு முப்பது வயது கடந்த மனிதர், நடக்கப்போவது என்ன என்று தெரிந்தே எருசலேமுக்குப் போனவர். தம் உயிரைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று சொன்னதாக யோவான் எழுதுகிறார். அதே சமயம் அது சுலபமாக இருந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. கெத்செமனே தோட்டத்தில் முந்தைய இரவு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமா என்று கேட்டுத் தரையில் விழுந்து கிடந்தார். தந்தையின் பக்கமும் இழப்பு இருக்கிறது. மகனைக் கொடுத்தார் என்றுதான் புதிய ஏற்பாடு திரும்பத் திரும்பச் சொல்கிறது. சிலுவையில் மரித்தது தந்தை இல்லை, மகன்; தந்தையே மரித்தார் என்று சொன்னவர்களை மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை மறுத்துவிட்டது. ஆனால் அன்பின் செலவு இருவருக்கும் பொதுவானது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மன்னிப்பின் செலவை மன்னிக்கிறவரே ஏற்க வேண்டும். இயேசு வெளியாள் இல்லை, மனிதனாக வந்த கடவுளின் மகன். ஆகவே சிலுவையில் செலவை ஏற்பது கடவுளே.

பலி என்றால் லஞ்சம் இல்லை

பலி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கிடா வெட்டு நினைவுக்கு வரும். கோபமான தெய்வம், அதைக் குளிர வைக்கும் ரத்தம் என்று அதிலிருந்தே சிலுவைக்கும் அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இயேசுவின் சீடர்கள் யூதர்கள். அவர்களுக்குப் பலி என்றால் மோசேயின் சட்டத்தில் உள்ள பலி. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

வருஷத்துக்கு ஒரு நாள் பாவநிவிர்த்தி நாள் என்று உண்டு. பாவநிவிர்த்தி என்றால் பாவத்தால் வந்த கறையை நீக்கி, கடவுளோடு திரும்பச் சேரும்படி செய்வது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் அதன் முறையைச் சொல்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவருவார்கள். சீட்டுப் போடுவார்கள். ஒன்றை அறுத்து அதன் ரத்தத்தைத் தலைமை ஆசாரியர் வழிபாட்டுக் கூடாரத்தின் உள்ளறையாகிய மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோய்த் தெளிப்பார். மற்றதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களை எல்லாம் வாய்விட்டுச் சொல்லி, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பாவத்தைச் சுமக்கிற கடாவை வெட்டவில்லை என்பதைப் பாருங்கள். வெட்டுகிற கடாவின் ரத்தம் பரிசுத்த இடத்தைச் சுத்தம் செய்வதற்கு. ஆட்டைத் தண்டித்துக் கடவுளின் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்ற எண்ணமே அந்த அதிகாரத்தில் இல்லை.

அடுத்த அதிகாரத்தில் இன்னும் முக்கியமான ஒன்று வருகிறது. உயிர் ரத்தத்தில் இருக்கிறது, பாவநிவிர்த்தி செய்துகொள்ள அதை நானே உங்களுக்குத் தந்தேன் என்கிறார் கடவுள். மனிதன் கடவுளுக்குக் கொடுப்பது என்று நாம் நினைக்கிற பலியை, அங்கே கடவுள் மனிதனுக்குக் கொடுக்கிறார். திரும்பி வர ஒரு வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழியை அவரே போட்டுத் தருகிறார். அதே புத்தகத்தின் 5-ஆம் அதிகாரம், ஆடு வாங்க வழியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாதவன் ஒரு அளவு மாவைக் கொண்டுவந்தால் போதும், அவன் பாவம் மன்னிக்கப்படும் என்கிறது. ரத்த தாகம் கொண்ட கடவுளாக இருந்தால் மாவை ஏற்றுக்கொள்வாரா? எனக்கு இந்த வசனம் மிகவும் பிடிக்கும். பரம ஏழை ஒருவனும் வெளியே நிற்கக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

தீர்க்கதரிசிகள் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற கடவுளின் வார்த்தையை ஓசியா சொன்னார். இயேசு அதை இரண்டு முறை எடுத்துச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். ஏசாயா 53-இல் பிறருடைய அக்கிரமங்களைச் சுமக்கிற ஒரு ஊழியன் வருகிறான். இவற்றையெல்லாம் படித்து வளர்ந்தவர்கள்தான், யூதர்களின் பஸ்கா பண்டிகைக் காலத்தில் நடந்த ஒரு மரணதண்டனையைப் பார்த்து, எல்லாப் பலிகளும் எதைக் காட்டிக்கொண்டிருந்தனவோ அது இங்கே நடந்துவிட்டது என்றார்கள். இனி வருஷாவருஷம் ஆடு தேவையில்லை, ஒரே முறை, எல்லாருக்கும் என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் சொல்வது இதைத்தான். கொடுப்பவரும் அவரே, கொடுக்கப்படுவதும் அவரே.

அப்படியானால் கடவுளின் கோபம்?

வேதாகமத்தில் கடவுளின் கோபம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. எதன் மேல் என்று பார்க்க வேண்டும். ஆமோஸ் தீர்க்கதரிசி வழியாக வெடிக்கிற கோபம், ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்காக விற்றவர்கள் மேல் வருகிறது. தராசில் கள்ளம் செய்தவர்கள் மேல் வருகிறது. உங்கள் மகளை ஒருவன் சீரழித்தால் உங்களுக்குக் கோபம் வராவிட்டால், நீங்கள் அவளை நேசிக்கவில்லை என்றுதான் அர்த்தம். கடவுளுடைய கோபமும் அப்படித்தான் விளங்குகிறது. தான் நேசிக்கிறவர்களை அழிக்கிற எதையும் அன்பு சும்மா பார்த்துக்கொண்டிருக்காது.

பாவம் என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். விதிப் புத்தகத்தில் ஒரு விதியை மீறினோம் என்ற கணக்காகப் பார்த்தால், "சின்னத் தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா" என்று தோன்றும். கிறிஸ்தவப் பார்வையில் பாவம் என்பது கடவுளோடும் சக மனிதரோடும் உள்ள உறவை முறிப்பது. உயிரின் ஊற்றிலிருந்து விலகிப் போவதால் அதன் முடிவு மரணம் என்கிறார்கள். மரணம் கடவுள் வெளியிலிருந்து போடும் அபராதம் என்பதைவிட, அந்தப் பாதை போய் முடியும் இடம் என்று புரிந்துகொள்வது நல்லது.

எனவே கடவுளுக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. "பரவாயில்லை" என்று விட்டுவிடலாம். அப்போது செருப்புக்கு விற்கப்பட்ட ஏழைக்கு நியாயம் கிடைக்காது. எல்லாரையும் தீர்த்துக்கட்டலாம், அப்போது யாரும் மிஞ்ச மாட்டார்கள். சிலுவை இந்த இரண்டும் இல்லை. தீமையைத் தீமை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதன் முழு விளைவையும் தாமே ஏற்றுக்கொள்வது. நாம் திருந்திய பிறகு அவர் நேசித்தார் என்று பவுல் எழுதவில்லை. நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக மரித்தார், அதில்தான் கடவுள் தம் அன்பைக் காட்டினார் என்கிறார். சிலுவையால் அன்பு பிறக்கவில்லை. அன்பு இருந்ததால்தான் சிலுவை.

"ஏன் என்னைக் கைவிட்டீர்"

இங்கே ஒரு கடினமான இடம் உண்டு, தாண்டிப் போகக் கூடாது. தந்தையும் மகனும் ஒரே மனதோடு இருந்தார்கள் என்றால், சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஏன் கதறினார்?

அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்தச் சங்கீதம் கைவிடப்பட்டவனின் அழுகையில் தொடங்கி, கடவுள் அவனுக்குச் செவிகொடுத்தார் என்ற புகழ்ச்சியில் முடிகிறது. வேதம் தெரிந்த யூதருக்கு முதல் வரியைக் கேட்டாலே முழுச் சங்கீதமும் நினைவுக்கு வரும் என்று சிலர் விளக்குகிறார்கள். வேறு சிலர், பாவத்தின் கடைசி விளைவாகிய தனிமையை, கடவுளே இல்லை என்று தோன்றும் அந்த இருட்டை, அவர் நிஜமாகவே அனுபவித்தார் என்கிறார்கள். ஒன்றை ஏற்றால் இன்னொன்றைத் தள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படி வாசித்தாலும், கைவிடப்பட்ட நேரத்திலும் அவர் "என் தேவனே" என்றே கூப்பிடுகிறார். லூக்கா எழுதும்போது, தந்தையின் கையில் தம் ஆவியை ஒப்படைத்துவிட்டு உயிர்விட்டார் என்கிறார். தன்னை அடித்தவர்களுக்காக "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று கேட்டதும் அதே லூக்காவில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சபைகள் பலவற்றில் பகல் 12 முதல் 3 வரை தியானிக்கும் ஏழு வார்த்தைகளில் இந்த மூன்றும் உண்டு.

ஒரே நிகழ்ச்சி, பல விளக்கங்கள்

"அவர் செத்ததால் எனக்கு எப்படி மன்னிப்பு வருகிறது?" என்று கேட்டால், திருச்சபை ஒரே ஒரு சூத்திரத்தைக் கையில் கொடுப்பதில்லை. நான்காம் நூற்றாண்டில் உருவான நிசேய விசுவாச அறிக்கை, நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று அதில் விளக்கமில்லை.

ஆதி ஆசிரியர்கள் அதை வெற்றியாகப் பார்த்தார்கள். மரணத்தின் பிடிக்குள் தானாகவே நுழைந்து, உள்ளிருந்தே அதை உடைத்தார் என்று அத்தனாசியுஸ் போன்றவர்கள் பேசினார்கள். கீழைச் சபைகள் இன்றும் ஈஸ்டரில் பாடுவது இதைத்தான். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி அன்செல்ம், கடவுளுக்குச் சேர வேண்டிய மாண்பை மனிதன் திரும்பக் கொடுக்க வேண்டும், ஆனால் அவனால் முடியாது, கடவுளால்தான் முடியும், ஆகவே கடவுள்-மனிதன் தேவைப்பட்டார் என்று வாதிட்டார். அவருக்கு அடுத்த தலைமுறையில் அபெலார்ட், அந்த அன்பைப் பார்க்கிறவனுக்குள் அன்பு எழுகிறது, அதுவே அவனை மாற்றுகிறது என்றார். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் நீதிமன்ற மொழியில், நமக்குரிய தண்டனையை அவர் நம் இடத்தில் நின்று ஏற்றார் என்று அழுத்திச் சொன்னார்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள சித்திரம், இந்தக் கடைசி விளக்கத்தைத் திரித்துவம் இல்லாமல் சொன்னால் வருவது. அந்தச் சீர்திருத்தக்காரர்களில் கால்வின் போன்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை; கடவுளின் அன்பே எல்லாவற்றுக்கும் முந்தியது என்று அவரே எழுதியிருக்கிறார். மேடையில் நின்று அவசரத்தில் சொல்லும்போது முதலில் விழுந்துபோவது அந்தப் பகுதிதான். கேட்கிறவர்கள் ஒரு பயங்கரமான கடவுளோடு வீட்டுக்குப் போகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இன்னொருவன் இடத்தில் நிற்பது

1941 ஜூலை இறுதியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கயோவ்னிச்செக் என்ற போலந்துக்காரர், என் மனைவி, என் பிள்ளைகள் என்று அழுதார். வரிசையிலிருந்து மாக்சிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் வெளியே வந்து, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் உயிர் போகாததால் ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். கயோவ்னிச்செக் 1995 வரை வாழ்ந்தார். 1982-இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவரும் அங்கே இருந்தார்.

கோல்பே செய்தது சிலுவையிலிருந்து கற்றுக்கொண்டது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. கயோவ்னிச்செக் ஒரு குற்றமும் செய்யாதவர். நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் சாகத் துணியலாம் என்று பவுலும் ஒத்துக்கொள்கிறார். பகைவனுக்காக? சிலுவை சொல்வதை அதே முகாமில் வைத்துப் பார்த்தால், கைதிக்காக மட்டுமல்ல, அந்தப் பத்துப் பேரைப் பொறுக்கிய அதிகாரிக்காகவும் ஒருவர் உயிரைக் கொடுப்பது என்றாகும். கேட்கவே மனம் ஒப்பவில்லை. ஒப்பாமல் இருப்பதுதான் இயல்பு. அன்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதிலிருந்து இந்த அன்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

இந்த உதாரணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கோல்பே தானாக முன்வந்தார். யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை. தியாகத்தின் உயிரே அந்தச் சுதந்திரம்தான். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் "இதுதான் உன் சிலுவை, சும" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொருவர் தோளில் சிலுவையை ஏற்றுவது பிலாத்துவின் வேலை. இயேசு எல்லா அடிக்கும் உடம்பைக் காட்டிக்கொண்டு நின்றவரும் இல்லை. நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது விலகிப் போய்விட்டார். விசாரணையில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். துன்பம் தன்னளவில் நல்லது என்று சிலுவை சொல்லவில்லை. அன்பு, தேவைப்பட்டால், துன்பம் வரைக்கும் போகும் என்கிறது.

பழி யார் மேல்

இந்த விஷயத்தில் நடந்த ஒரு பெரிய அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள் என்று சொல்லி, நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் யூதர்களை அடித்தார்கள், விரட்டினார்கள், கொன்றார்கள். இயேசு யூதர், அவர் தாய் யூதர், முதல் சீடர்கள் எல்லாரும் யூதர்கள். தீர்ப்பு எழுதியது ரோம ஆளுநர், ஆணி அடித்தது ரோமப் படைவீரர்கள். 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அன்று வாழ்ந்த யூதர்கள் எல்லார் மேலும் பொத்தாம்பொதுவாகவோ, இன்றைய யூதர்கள் மேலோ இந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தது. மிகத் தாமதமான அறிவிப்பு. சிலுவையை யாருக்காவது எதிரான ஆயுதமாக எடுக்கிறவர், அதில் தொங்கியவர் தம்மைக் கொன்றவர்களுக்காக மன்றாடியதைப் படிக்காதவர்.

மூன்றாம் நாள்

சிலுவையை மட்டும் தனியாக வைத்தால், நல்லவர் ஒருவர் அநியாயமாகச் செத்தார் என்பதோடு கதை முடியும். சரித்திரத்தில் அப்படி எத்தனையோ பேர். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதினார். அன்பு தோற்றுப்போகவில்லை, கொடுத்த கொடை ஏற்கப்பட்டது, மரணத்துக்குக் கடைசி வார்த்தை இல்லை என்பதற்குக் கிறிஸ்தவர்கள் காட்டும் ஆதாரம் மூன்றாம் நாள் உயிர்ப்பு. பெரிய வெள்ளியையும் ஈஸ்டரையும் பிரித்தால் இரண்டும் பொருளிழந்துபோகும்.

"அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?"

புதிதாகக் கேட்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்றால், தப்பைச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமே? பவுலிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். ரோமருக்கு எழுதிய நிருபம் 6-ஆம் அதிகாரம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கூடவே கூடாது என்கிறார். எவ்வளவு விலை கொடுத்து மன்னித்தார்கள் என்று தெரிந்தவனால் பழையபடி இருக்க முடியாது என்பது அவருடைய வாதம்.

மன்னிப்பு வந்ததால், ஏமாற்றப்பட்டவருக்குச் சேர வேண்டியது ரத்தாகிவிடுவதும் இல்லை. எரிகோவில் சகேயு என்ற வரி வசூலிப்பவன் வீட்டுக்கு இயேசு தாமாகவே விருந்துக்குப் போனார். ஊரே முணுமுணுத்தது. அவன் திருந்திவிட்டு அவரை அழைக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் எழுந்து நின்று, என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இயேசு அவனைத் தடுக்கவில்லை, அதெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்றார்.